வானத்தில் கண், கரையில் காயம்!

கடலுக்கு மேலே கண் வைக்கப் போகிறோம் என்கிறார்கள். ஆளில்லாச் சிற்றூர்தி வானிலே வட்டமிடுமாம். அலைமீது செல்லும் கலம் ஒவ்வொன்றையும் படம் பிடிக்குமாம். எவன் எல்லை மீறினாலும் எந்த இடம், எந்த நேரம் என்று எழுதிக் காட்டிவிடுமாம். இனித் திருட்டு மீன்பிடிப்புக்கு இடமில்லை, கடல் பிழைத்தது, கரை செழித்தது என்று களிப்போடு கூறுகிறார்கள். கேட்கக் கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இனிக்கும் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கசந்துபோன காது, கரைவாழ் மக்களின் காது. ஆகவே நாம் சற்றே நின்று, நிதானித்து, ஒரு கேள்வி கேட்க வேண்டியவர்களாகிறோம்.

இத்தனை நாளும் பார்க்கக் கண் இல்லாமலா கடல் கெட்டது?

கட்டுமரத்தில் கால் நனைய நின்றவன் பார்த்தான். விடியுமுன் விரித்த வலையைத் தூக்க வந்த வேளையிலே, விசைப்படகின் இழுவைமடி அதை வாரிச் சுருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தான். படகைப் பார்த்தான், படகின் பதிவெண்ணைப் பார்த்தான், தடுக்கக் கை நீட்டியும் தன்னைத் திரும்பிப் பாராமற் போன செருக்கைப் பார்த்தான். கரையிலே மீன்கூடையோடு காத்திருந்த மனைவி, வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்தாள். ஊர்ப் பஞ்சாயத்தார் பார்த்தனர். பார்த்தவர்கள் வாய்மூடி இருந்தார்களா? மனுக் கொடுத்தார்கள், மன்றாடினார்கள், மறியல் செய்தார்கள். பார்த்தவர் பல்லாயிரவர். கேட்டவர் எத்தனை பேர்?

கண் இருந்தது. கண் கண்டதை ஏற்கும் காதும், ஏற்றபின் எழும் கையுந்தான் இல்லாதிருந்தன. இதை மறந்துவிட்டு வானூர்தியைப் பற்றிப் பேசுவது, பசித்தவன் வயிற்றைத் தொட்டுப் பாராமல் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போன்றது.

இந்தச் சிக்கலின் வரலாறு நெடியது. 1952ஆம் ஆண்டில் இந்திய அரசும் நார்வே நாடும் ஐக்கிய நாடுகள் மன்றமும் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி மறு ஆண்டு, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்வளத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. மீனவன் வாழ்வு உயர வேண்டும், படகுக்குப் பொறி வேண்டும், மீனைக் கெடாமற் காக்கப் பனிக்கட்டி வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் இறாலுக்கு வெளிநாட்டிலே விலை ஏறிற்று. விலை ஏறியதும் வலை மாறிற்று. கடலின் அடித்தளத்தையே தேய்த்து இழுக்கும் மடி வந்தது. கடலையே கண்டறியாத பணக்காரர் கையிலிருந்த முதல், கடலுக்குள் இறங்கிற்று. மீனவனுக்கென வந்த பொறி, மீனவனின் வலையை அறுக்கும் பொறியாயிற்று.

இறால் எங்கே இருக்கிறது? கரையை ஒட்டிய ஆழங்குறைந்த நீரிலே. கட்டுமரமும் வள்ளமும் எங்கே பாடு பார்க்கின்றன? அதே நீரிலே. மீன்குஞ்சுகள் வளருவது எங்கே? பெரும்பாலும் அங்கேயேதான். ஆகவே, ஆழ்கடலுக்குச் செல்ல ஆற்றல் படைத்த படகு, ஆற்றலில்லாதவனின் முற்றத்திலே வந்து நின்றது. எழுபதுகளிலே தமிழ்நாட்டிலும், கேரளத்திலும், கோவாவிலும் மோதல் மூண்டது. படகுகள் எரிந்தன; உயிர்களும் போயின. 1976இல் மத்திய அரசு மஜும்தார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எந்தக் கலம் எந்த நீரில் மீன்பிடிப்பது என்று வரையறுக்கும் பணி அதற்குத் தரப்பட்டது. 1980இல் கேரளத்திலும், 1983இல் தமிழ்நாட்டிலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்கள் பிறந்தன.

இன்று தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைல் தொலைவு, அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர்ப்பரப்பு, சிறு மீனவனுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகு அங்கே மீன்பிடிக்கலாகாது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை. கிழக்குக் கரையிலே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று விசைப்படகுகளுக்கு ஓய்வு. சட்டம் இருக்கிறது, சட்டத்தில் குறை காணவும் அதிகமில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கரையிலே, 14 கடலோர மாவட்டங்களிலே அது நடமாடுகிறதா என்பதே கேள்வி.

விடை வேண்டுவோர், 2025 ஜனவரியிலே சென்னைக் கடற்கரையில் கிடந்த பிணங்களைக் கேட்டிருக்கலாம். நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழும். ஆனால் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவைமடிக்குள் அகப்பட்டால் மேலே வர வழியில்லை; மூழ்கிச் சாகிறது. முட்டையிடக் கரை நாடி வந்தவை கரையருகே மடிந்தன. கரையருகே இழுவைமடி போகக்கூடாது என்பதற்குத்தானே சட்டம் இருக்கிறது? ஆமைக்கு வாயில்லை, செத்துச் சாட்சி சொல்லிற்று. அதே நீரில் வலை இழந்தவனுக்கு வாய் இருக்கிறது. அவன் சாட்சியைத்தான் எழுதிக்கொள்ள ஆளில்லை.

இப்போது வானூர்திக்கு வருவோம். நாம் அதன் பகைவரல்லர். கருவியைக் கண்டு கலங்குவது அறிவுடைமை ஆகாது. கருவியைக் கண்டு கும்பிடுவதும் ஆகாது. அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று அளந்து பார்ப்பதே முறை.

அதனால் முடிவது கொஞ்சமல்ல. ரோந்துப் படகு மணிக்கணக்கில் தேடவேண்டிய நீர்ப்பரப்பை விமானம் சிறு பொழுதில் கடக்கும். படகிலே பொருத்திய இடங்காட்டும் கருவியை உரிமையாளர் அணைத்துவிடலாம். வானத்துக் கண்ணை அவர் அணைக்க முடியாது. இரண்டு படகுகள் இணைந்து ஊர்ந்தால் இரட்டைமடி என்று மேலிருந்து தெரியும். அடிமடி கிளப்பும் சேறு, படகின் பின்னே வாலாக நீள்வது வானிலிருந்து புலப்படும். தடைக்காலத்திலே கடலில் நிற்கும் விசைப்படகுக்குச் சாக்குச் சொல்ல இடமிராது. படத்தோடு இடமும் நேரமும் பதிந்துவிடுவதால், ‘நான் அங்கே இல்லை’ என்னும் பொய் செல்லாது. ஒடிசாக் கடலிலே, ஆமைகள் வரும் பருவத்தில், ‘ஆலிவியா நடவடிக்கை’ என்ற பெயரால் கடலோரக் காவற்படையின் கப்பல்களும் விமானங்களும் ஆண்டுதோறும் காவல் சுற்றி வருகின்றன. ஆகவே இது கனவல்ல, கைகூடும் காரியமே.

முடியாதது எது? நீருக்கடியிலுள்ள வலையின் கண் எத்தனை மில்லிமீட்டர் என்று வானத்துக் கண் அளக்காது. மடியில் அகப்பட்டுச் சங்காயமாக, கழிவாகக் கொட்டப்படும் குஞ்சுமீன்களை அது எண்ணாது. சிற்றூர்தியின் மின்கலம் விரைவில் தீரும்; வாடைக்காற்று அடித்தால் அது தள்ளாடும். அனைத்துக்கும் மேலாக, அது படம் எடுக்குமே தவிர வழக்கு எடுக்காது. படம் ஒரு கோப்பிலே படுக்கும். கோப்பு ஒரு பேழையிலே படுக்கும். பேழையின் திறவுகோல் யாரிடம் என்பதை யாரும் சொல்லமாட்டார். துறைமுகத்திலே தரையிறங்கும் மீனையும் வலையையும் சோதிக்கப் போதிய ஆள் இல்லாமல், வானத்திலே மட்டும் ஊர்தியைப் பறக்கவிடுவது, வாசலைத் திறந்துபோட்டுவிட்டுக் கூரைக்குப் பூட்டுப் போடுவதாகும்.

இனி, இந்தக் கண் யாருடையது?

அரசியல் சட்டத்தைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலிலே 21ஆம் இனம், மீன்வளம். கரையிலிருந்து 12 கடல் மைல்வரை மீன்பிடிப்பை ஒழுங்கு செய்வது மாநிலத்தின் பொறுப்பு. மத்தியப் பட்டியலிலே 57ஆம் இனம், அந்த எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு. 29ஆம் இனம், வான்வழியும் வானூர்தியும். ஆக, எந்த 5 கடல் மைலிலே ஏழையின் வலை அறுகிறதோ, அங்கே சட்டம் சென்னையினுடையது. அதன் மேலே பறக்கும் விமானமோ டில்லியினுடையது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடலோரக் காவற்படை, மத்தியப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குவது. டோர்னியர் விமானமும் ராடாரும் அதனிடம் உண்டு. கண் டில்லியில், கை சென்னையில், காயமோ கோட்டைப்பட்டினத்திலும், புதுமடத்திலும், பழவேற்காட்டிலும்! உடம்பு மூன்றாகப் பிரிந்து கிடக்க, ஒரு பகுதி கண்டதை இன்னொரு பகுதி அறிந்து, அடிபட்டவனைத் தூக்குவது எப்போது?

இதற்கு வழி தேட நெடுந்தொலைவு நோக்குவதிலே தவறில்லை. பசிபிக் மாக்கடலிலே தூவாலு என்றொரு நாடு. மக்கள் ஏறத்தாழப் பதினோராயிரம் பேர். அவர்கள் உரிமை கொண்ட கடலோ பல இலட்சம் சதுர கிலோமீட்டர். அத்தகைய சின்னஞ்சிறு தீவுகள் கூடி 1979இல் மீன்வளத்துக்கென ஒரு பொது அமைப்பு கண்டன. சாலமன் தீவுகளின் தலைநகரான ஹோனியாராவிலே அதன் பணிமனை. ஆஸ்திரேலியாவின் பொருளுதவியோடு 2017ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு விமானங்கள் அந்தப் பணிக்கென்றே வந்தன. பெரிய நாடுகளின் பெருங்கலங்கள் சூரை மீனை அள்ளிக்கொண்டு போகும் கடலை அவை பார்க்கின்றன. பார்த்த செய்தி ஹோனியாராவிலுள்ள கண்காணிப்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து அந்தக் கடலுக்குரிய நாட்டுக்குப் போகிறது. அங்கே எளியவனின் கண் வலியவனைப் பார்க்கிறது. பணம் பிறர் தந்ததாயினும், பார்வை தீவுகளின் பணிக்கு. தூவாலுவுக்கு இயலுவது, ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டுக்கு இயலாதா?

கண்காணிப்பே வேண்டாம் என்று கூறும் ஒரு சாராரும் உண்டு. விசைப்படகுச் செல்வர்கள் அவர்கள். “நாங்களும் மீனவரே, எங்கள் பிழைப்பிலே மண் போடாதீர்” என்கிறார்கள். டீசல் விலையைக் காட்டுகிறார்கள்; கடன் வட்டியைக் காட்டுகிறார்கள். காட்டட்டும், மறுக்கவில்லை. கடன்பட்டவன் அடுத்தவன் வயலில் அறுவடை செய்யலாம் என்று எந்த நீதி நூல் சொல்லுகிறது? 5 கடல் மைலுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் கடலை விட்டுவிட்டு, கட்டுமரக்காரனின் கைப்பிடி நீரிலே வந்து மடி இழுப்பது தொழிலா, தொழிலின் பெயரால் நடக்கும் பறிப்பா? குஞ்சை வாரினால் நாளைக்கு மீன் ஏது? இன்று சிறியவன் சாகிறான். நாளை பெரியவனின் படகும் வெறும் மடியோடு திரும்பும். கடலின் கணக்கிலே கடன் தள்ளுபடி கிடையாது.

ஆயினும் அந்தப் படகிலே செல்பவர் யார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. உரிமையாளர் கரையிலே இருக்கிறார். மடி இழுப்பவன் பங்குக் கூலிக்காரன். டீசல் செலவு போக மிஞ்சியதில் தன் பங்கை எதிர்பார்த்து அலைமேல் அல்லற்படுபவன். வானத்துக் கண் படம் பிடிப்பது அவன் முகத்தை. தண்டம் அவன் பங்கிலே கழிக்கப்பட்டால், சட்டம் மறுபடியும் ஏழையையே அடித்ததாகும். ஏவினவர் ஏட்டிலே இல்லை, எய்த அம்பு மட்டும் கூண்டிலே என்ற கதை வேண்டாம்.

கண்காணிப்பு என்னும் சொல், இராமேசுவரத்திலே வேறோர் ஓசையோடு காதில் விழும். பாக் நீரிணை குறுகலானது. கரையிலிருந்து 5 கடல் மைலை விட்டால், சில இடங்களில் எல்லைக்கோடு எட்டிப் பிடிக்கும் தொலைவிலே நிற்கிறது. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்த நீரிலே கிழித்த கோடு அது. அங்கே கண்காணிப்பு என்றால் இலங்கைக் கடற்படையின் கப்பல், சிறை, பறிபோன படகு, சில நாட்களில் துப்பாக்கிக் குண்டு. மீனவனைச் சுடுவதற்கும் அடிப்பதற்கும் எந்தச் சட்டமும் இடம் தராது. அதை எந்நாளும் கண்டிப்போம். கண்டித்த அதே வாயால் இன்னோர் உண்மையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எதிர்க்கரையிலே, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை விரிப்பவனும் தமிழன், போர் தின்றது போக மிஞ்சியவன், சிறுபடகுக்காரன். இழுவைமடி அவன் வலையையும் அறுக்கிறது. இலங்கை 2017இல் அடிமடி இழுப்பையே சட்டத்தால் தடை செய்தது. இங்கே கட்டுமரத்தானுக்கு நீதி கேட்டுவிட்டு, அங்கே வள்ளத்தானுக்கு நேர்வதை மறைப்பது நேர்மையாகாது.

அப்படியானால் இழுவைப் படகிலே பிழைப்பவன் எங்கே போவான்? அதே 2017இல் பாக் நீரிணைப் படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இலக்கு 2000 படகுகள். ஒரு படகின் மதிப்பு 80 இலட்சம் ரூபாய். அதிலே 70 விழுக்காடு அரசுகளின் மானியம். அறிவிப்பு முழங்கிற்று. நிறைவேறியதோ இலக்கிலே மிகச் சிறு பகுதி. பழக்கமில்லாத தூண்டில் முறை, சுமக்கமுடியாத கடன், பயிற்சிக் குறைவு எனக் காரணங்கள் பல. மாற்று வழி பாதியிலே நிற்க, மேலே கண் மட்டும் முழுமையாக விழித்திருந்தால், அது காவலாகுமா, கடுமையாகுமா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். 2017 நவம்பர் இறுதியிலே ஒக்கிப் புயல் வீசியது. குமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் திரும்பவில்லை. தேடுங்கள், விமானம் அனுப்புங்கள், எங்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள் என்று கரையிலே தாய்மார் கதறினர். குழித்துறையிலே தொடர்வண்டிப் பாதையில் அமர்ந்து மக்கள் மறித்தனர். தேடுதல் மெத்தனமாக நடந்தது என்பது அம்மக்களின் தீராத குறை. மீனவன் வலை வீசும்போது பார்க்க விரைகிற வானத்துக் கண், அவன் நீரிலே தத்தளிக்கும்போது எங்கே நோக்கிற்று? தண்டம் விதிக்க மட்டும் திறந்து, உயிர் காக்க மூடிக்கொள்ளும் கண்ணை, கரைவாழ் மக்கள் தங்கள் கண்ணென்று எப்படி நம்புவர்?

ஆகவே நாம் கேட்பவை இவை.

வானத்துக் கண் முதலில் நோக்கவேண்டியது 5 கடல் மைலுக்குள் நுழையும் இழுவைமடியை, இரட்டைமடியை, தடைக்காலத்தில் ஓடும் விசைப்படகை. கட்டுமரத்தையும் கரைவலையையும் துரத்துவதற்கு அது பறக்கக்கூடாது.

எடுத்த படம் கோப்பிலே உறங்கக்கூடாது. எந்தப் படகு, எந்த நாள், எந்த இடம், என்ன நடவடிக்கை என்பதைத் தமிழிலே எழுதி, ஒவ்வொரு மீனவர் ஊரிலும் எல்லாரும் காணும் பலகையில் ஒட்டவேண்டும். பலகை இருந்தால் பரிந்துரைக்கு வேலை குறையும்.

கட்டுமரத்தான் தன் கைப்பேசியிலே எடுத்த படத்துக்கும் மதிப்பு வேண்டும். வானூர்தியின் படம் சான்று, வலையிழந்தவனின் படம் வதந்தி என்றால், அது சட்டமன்று. சாதிப் புத்தியின் புது வேடம்.

தண்டம் உரிமையாளர்மீது விழவேண்டும். பொறியின் குதிரைத்திறனுக்கு ஏற்ப ஏறவேண்டும். அதிலிருந்து வலை இழந்தவனுக்கு முதலில் ஈடு தரவேண்டும்.

காவற்படை கண்டதை மாநில மீன்வளத் துறை அன்றைக்கே அறிய ஏற்பாடு வேண்டும். மாநிலத்துக்கென்று தனி விமானமும், அதை ஏவும் உரிமையும், துறைமுகத்திலே வலையைச் சோதிக்கும் ஆட்களும் வேண்டும்.

மீன்பிடிச் சட்டத்துக்காக எடுத்த படத்தைக் கொண்டு, கரையோரக் குடிசையையும் கருவாடு காயும் களத்தையும் ‘ஆக்கிரமிப்பு’ என்று காட்டி அகற்ற முனையக்கூடாது. அந்தக் கண், புயல் நாளிலே முதல் ஆளாகக் கடலுக்குப் போகவேண்டும்.

இழுவைமடியை விடச் சொல்லும் அரசு, விட்டவனுக்கு வேறு வலையும், பயிற்சியும், தாங்கத்தக்க கடனும் தரவேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகளா? கோடிகளைக் கொட்டி ஊர்தி வாங்க முடிந்தவர்களுக்கு, ஒரு பலகை நட்டு உண்மையை எழுதிவைக்க முடியாதா? வானளாவப் பறக்க இசைவு தருபவர்களுக்கு, கரையிலே நிற்பவனின் மனுவைப் படித்துப் பார்க்க நேரமில்லையா?

நெய்தல் நிலத்து மக்கள் விண்மீனைப் பார்த்து வழி கண்டவர்கள். நீரின் நிறத்தைப் பார்த்து மீன் கண்டவர்கள். பார்வை அவர்களிடத்திலே என்றும் குறைந்ததில்லை. குறைந்தது, அவர்களைப் பார்க்கும் பார்வை. பறக்கட்டும் வானூர்தி! ஆனால் அது மேலிருந்து கீழே பார்ப்பதற்கு முன்னால், ஆளவந்தார் கீழிறங்கி வந்து கரையிலே நிற்கட்டும். அங்கே அறுந்த வலையோடு ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான். அவன் கண்டதை முதலில் எழுதிக்கொள்ளட்டும். வானம் கண்டதைப் பிறகு அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.